பேரப்பிள்ளைகளோடு வாழும் பாட்டிகளும் மன அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரப்பிள்ளைகளைத் தாமே வளர்க்கும் பாட்டிகளுக்கும், மகன் அல்லது மகள் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகளுக்கும் எழுதியது இது. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் மனசில் இருக்கும் கேள்விக்கு நேராகப் போகலாம். தாத்தாக்களுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது.

பேரன் என்றால் எனக்கு உயிர். ஆனாலும் சாயங்காலம் ஆனால் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன். என் மனசில்தான் ஏதோ கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. பாசமும் அலுப்பும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் இருக்கக் கூடியவை. பாசம் இருந்தால் அலுப்பே வராது என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்பித்தான் பல பாட்டிகள் வாயைத் திறப்பதில்லை.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 50 பாட்டிகளுக்குப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். முடிவு 2021-இல் வெளியானது. பேரக்குழந்தையின் படத்தைப் பார்த்தபோது, அடுத்தவர் உணர்வைத் தானும் உணர்வதோடு தொடர்புடைய பகுதிகள் சுறுசுறுப்படைந்தன. குழந்தை சிரித்தால் பாட்டிக்கும் சிரிப்பு வரும், குழந்தை அழுதால் பாட்டிக்கும் வலிக்கும் என்ற மாதிரி. அந்தக் குழந்தையின் அப்பா அல்லது அம்மாவின் படத்தைக் காட்டியபோது, அதாவது பாட்டி பெற்ற பிள்ளையின் படத்தைக் காட்டியபோது, ‘இவன் என்ன நினைக்கிறான், ஏன் இப்படிச் செய்கிறான்’ என்று யோசித்துப் புரிந்துகொள்ள உதவும் பகுதிகள் சற்றுக் கூடுதலாக வேலை செய்தன.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. பாட்டிகளைக் களைக்கவைப்பது பெரும்பாலும் குழந்தை இல்லை, குழந்தையைச் சுற்றியுள்ள பெரியவர்களின் ஏற்பாடு. பொறுப்பு முழுக்கப் பாட்டியின் தலையில் இருக்கும், முடிவெடுக்கும் உரிமை வேறொருவர் கையில் இருக்கும். பிள்ளை விழுந்தால் “எங்கே பார்த்துக்கிட்டிருந்தீங்க?” என்ற கேள்வி. அழுகையை நிறுத்தப் போனைக் கொடுத்தால் “போன் கொடுக்காதீங்கன்னு சொன்னேன்ல?” என்ற கேள்வி. போதாக்குறைக்கு, இந்த வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று யாரும் சொல்வதில்லை. அதிகாரம் இல்லாத பொறுப்பும் முடிவு நேரம் இல்லாத வேலையும் எந்த அலுவலகத்தில் எந்த இளைஞருக்கு வாய்த்தாலும் அவரும் எரிந்துதான் விழுவார்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது உடம்புக்கு நல்லது என்கிறார்கள் சிலர். ஆளையே உருக்கிவிடும் என்கிறார்கள் சிலர். எது உண்மை?

அளவைப் பொறுத்து இரண்டும்தான்.

பெர்லினில் 70 வயதைத் தாண்டிய 500-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. அவ்வப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, பார்த்துக்கொள்ளாதவர்களைவிட இறப்பு அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. இதை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். பேரப்பிள்ளைகளைத் தம் பொறுப்பில் முழுநேரம் வளர்ப்பவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

மெல்போர்னில் 186 பெண்களிடம் செய்து 2014-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. வாரத்துக்கு ஒரு நாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிகள் நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். வாரம் 5 நாளோ அதற்கு மேலோ பார்த்துக்கொண்டவர்கள், வேகமாக யோசிக்க வேண்டிய ஒரு சோதனையில் பின்தங்கினார்கள். நாள் கூடக் கூட, ‘என் பிள்ளைகள் என்னிடம் ரொம்ப எதிர்பார்க்கிறார்கள்’ என்ற எண்ணமும் அவர்களிடம் கூடியிருந்தது.

சுமார் 54,000 அமெரிக்கச் செவிலியர்களைக் கவனித்து 2003-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பேரப்பிள்ளைகளை வாரம் 9 மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு சுமார் 55 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

இவை எதுவும் ‘இதனால்தான் இது வந்தது’ என்று நிரூபிப்பவை அல்ல. ஏற்கெனவே திடமாக இருப்பவர்களிடம்தான் பிள்ளையை ஒப்படைப்பார்கள், வேறு வழியே இல்லாத வீடுகளில்தான் பாட்டிமேல் முழுச் சுமையும் விழும் என்பவையும் கணக்கில் உண்டு. ஆனாலும் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன: கொஞ்சம் பார்த்துக்கொள்வது மருந்து, ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லாமல் பார்த்துக்கொள்வது சுமை. ஆகவே ‘பார்த்துக்கொள்ளலாமா வேண்டாமா’ என்று குழம்புவதைவிட ‘எத்தனை மணி நேரம், யாரோடு பகிர்ந்து’ என்று கேட்டுக்கொள்வதுதான் பயனுள்ளது.

அளவைக் குறை என்று சொல்வது சுலபம். அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். நான் இல்லாவிட்டால் யார் பார்ப்பது?

நாட்களைக் குறைக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்று விஷயங்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

முதலாவது, முடிவு நேரம். வேலைக்குப் போன மகனோ மகளோ வீட்டுக்குள் நுழைந்த பிறகு பிள்ளை யார் பொறுப்பு? பல வீடுகளில் இதற்குப் பதிலே கிடையாது. அவர்கள் களைத்து வந்து போனோடு உட்கார, பாட்டி இரவுச் சாப்பாடு வரை தொடர்கிறார். ‘வந்து அரை மணி நேரம் ஓய்வெடு. அதற்குப் பிறகு பிள்ளை உன்னிடம்’ என்று ஒரு நேரத்தை வீட்டில் எல்லோருக்கும் தெரிய வையுங்கள். அந்த நேரம் வந்ததும் நீங்கள் எழுந்து உங்கள் அறைக்குப் போக வேண்டும், அல்லது ஒரு நடை போய்வர வேண்டும். அங்கேயே உட்கார்ந்திருந்தால் பிள்ளை உங்களைத்தான் கூப்பிடும், பெற்றவர்களும் எழுந்து வர மாட்டார்கள்.

இரண்டாவது, வாரத்தில் அரை நாளாவது முழுக்க உங்களுக்கு. மருத்துவமனைக்குப் போன நாளை ‘வெளியே போய்வந்த நாள்’ என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, வேலையைப் பிரிப்பது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. சமையல், துணி, பாத்திரம் எல்லாம் வேறு வேலை. ‘வீட்டில்தானே இருக்கிறீர்கள்’ என்ற ஒரே வார்த்தையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு வயதுப் பிள்ளையைக் கவனித்துக்கொண்டு சமையலையும் முடிப்பவர் இரண்டு ஆள் வேலை செய்கிறார். அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவர் நீங்கள்.

இதையெல்லாம் மகளிடமோ மருமகளிடமோ எப்படிச் சொல்வது? சண்டையில் போய் முடிகிறது.

சண்டையில் முடிவதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வெடிக்கும்போது பேசுகிறோம். அப்போது வாயில் வருவது ‘நான் என்ன இந்த வீட்டு வேலைக்காரியா?’ என்பது. அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பிள்ளை தூங்கிய பிறகு, குற்றம் சொல்லாமல் கேளுங்கள். கேட்பது ஒன்றே ஒன்றாக, நாளும் மணியும் சொல்லிக் கேட்பதாக இருக்கட்டும். “எனக்கு முன்ன மாதிரி முடியலம்மா. சனிக்கிழமை காலையில நீ பார்த்துக்கோ. நான் மதியம் வரைக்கும் இல்லைன்னு வெச்சுக்கோ.” இவ்வளவு போதும். ‘யாருக்கும் என்மேல் அக்கறையே இல்லை’ என்பது புலம்பலாகவே காதில் விழும். ‘சனிக்கிழமை காலை’ என்பதற்கு அவர்கள் சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும்.

மருமகளிடம் பேச வேண்டியதை முதலில் மகனிடம் பேசுங்கள். பிள்ளை வளர்ப்பு என்றாலே மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் நிற்க, நடுவில் இருப்பவர் நழுவிவிடுவது பழைய வழக்கம். அவர் அந்தப் பிள்ளையின் அப்பா. ஏற்பாட்டில் பாதி அவருடையது. மருமகனோடு இருப்பவர்கள் மகள் வழியாகப் பேசலாம்.

இன்னொன்று. யாராவது ‘பார்த்துக்கொள்கிறீர்களா’ என்று கேட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். “நாளைக்குச் சொல்றேன்” என்பது மரியாதையான பதில்தான்.

“அந்தக் காலத்துல நாங்க வளர்க்கலையா?” என்று நான் கேட்க, “இப்பல்லாம் அப்படிச் செய்யக் கூடாது” என்று அவர்கள் சொல்ல, தினமும் இதே பாட்டு.

இரண்டு வகை விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் வினை இது.

பாதுகாப்பு விஷயங்களில் இன்றைய மருத்துவர் சொல்வதை ஏற்றுவிடுங்கள். நீங்கள் தவறாக வளர்த்தீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னவர்கள் அன்றைய மருத்துவர்கள்தான். 1990-களில்தான், திடீர் மரணங்களைத் தடுக்க மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்று பல நாடுகளில் இயக்கமாகவே சொன்னார்கள், அந்த மரணங்களும் வெகுவாகக் குறைந்தன. திரை விஷயமும் அப்படித்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொன்னது.

எந்தச் சட்டை போடுவது, தலையை எப்படி வாருவது, எந்தக் கதையைச் சொல்வது என்பதெல்லாம் வேறு வகை. உங்களிடம் இருக்கும் நேரத்தில் அது உங்கள் விருப்பம் என்று பெற்றவர்களும் விட்டுத்தர வேண்டும். பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொள்வார்கள்: பாட்டியிடம் இப்படி, அம்மாவிடம் அப்படி என்று. அதனால் அவர்கள் கெட்டுப்போவதில்லை. பெரியவர்கள் இருவரும் அவர்கள் முன்னால் சண்டை போடுவதுதான் அவர்களைக் கலங்கவைக்கிறது.

தாத்தாவுக்கு இதில் என்ன வேலை?

பாதி வேலை. ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது உதவி ஆகாது. ஸ்கூலில் விடுவது, குளிக்கவைப்பது, ஹோம்வொர்க் என்று குறிப்பிட்ட ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி நினைவூட்டித்தான் தாத்தா செய்கிறார் என்றால் அது இன்னும் பாட்டியின் வேலைதான்.

பொறுமை போய்க் கத்திவிடுகிறேன். ஒருமுறை கைநீட்டியும்விட்டேன். அன்று இரவெல்லாம் தூக்கமில்லை.

கோபம் தலைக்கேறும்போது உடம்பு முந்திக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கும், தாடை இறுகும், குரல் உயரும். தாடை இறுகுவதைக் கவனிக்கப் பழகினால் கத்துவதற்கு முன்னால் சில விநாடிகள் கிடைக்கும். அந்த இடைவெளியில் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். கைக்குழந்தை என்றால் தொட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் போகலாம். ஐந்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆத்திரத்தில் குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவே ஏற்படலாம். கைக்குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் குலுக்கக் கூடாது.

அடுத்த அறையில் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு நிதானமானால் நாடித்துடிப்பு தணியும். ஏழெட்டு மூச்சு போதும். வாயை மூடிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கப் போவதும் பலருக்கு உதவுகிறது.

நடந்துவிட்டால், பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். “பாட்டி கத்தினது தப்பு. கோபம் வந்துடுச்சு. நீ செஞ்சதும் சரியில்ல, ஆனா அதுக்குக் கத்தியிருக்கக் கூடாது.” பெரியவர்கள் பேரப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்பார்கள். போகாது. அடிப்பது வாடிக்கையாகிக்கொண்டிருக்கிறது என்று தோன்றினால், அதைத் தனியாகச் சமாளிக்கப் பார்க்காமல் வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கு என் பொறுப்பில் ஏதாவது ஆகிவிடுமோ என்று எந்நேரமும் பயம்.

பயத்தைப் பேசிக் குறைப்பதைவிட ஏற்பாடு செய்து குறைப்பது எளிது. முதலில் உங்கள் மாத்திரைகள். தலையணைக்குக் கீழும் கைப்பையிலும் மேசைமேலும் இருப்பவற்றை எல்லாம் எட்டாத உயரத்தில், பூட்டிய இடத்தில் வையுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் சில, ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பொம்மைகளிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் புண்ணாகத் தொடங்கலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்காதீர்கள். இவ்வளவையும் ஒரே நாளில், மகனையோ மகளையோ கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். அப்போது பொறுப்பும் பகிர்ந்ததாக இருக்கும்.

உடம்பு வலியும் இதில் சேர்ந்ததா?

சேர்ந்ததுதான். குழந்தையை அக்குளில் கைகொடுத்து அடிக்கடி தூக்குபவர்களுக்குக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலி வரும். அங்குள்ள தசைநாண் உறை வீங்குவது காரணம். உள்ளங்கை மேல்நோக்கி இருக்குமாறு கைகளை அடியில் கொடுத்துத் தூக்கினால் கட்டைவிரலுக்குச் சுமை குறையும். நடக்கத் தெரிந்த பிள்ளையை நடக்கவையுங்கள். நீங்கள் கீழே உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொண்டால், தூக்கச் சொல்லிக் கேட்கும் பிள்ளைக்கும் ஏமாற்றம் இருக்காது.

65 வயதுக்கு மேல் இரவில் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் தேவை. பிள்ளை உங்களோடு படுத்து இரவில் எழுப்புகிறது என்றால் வாரத்தில் சில இரவுகளாவது பெற்றவர்களிடம் படுக்கட்டும். வாரம் 150 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பிள்ளைக்குப் பின்னால் ஓடுவதில் கொஞ்சம் சேரும். தனியாக நடப்பதில்தான் மனசுக்கு ஓய்வு கிடைக்கும்.

பேரப்பிள்ளையின் தடுப்பூசித் தேதி மனப்பாடமாக இருக்கும். நம் பிபி கடைசியாக எப்போது பார்த்தது என்று கேட்டால் யோசிப்போம். படிக்கட்டு ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினாலோ, காரணமில்லாத அசதி, தாடை அல்லது முதுகு வலி, குமட்டல் வந்தாலோ ‘பிள்ளையைத் தூக்கினதால்’ என்று தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும்.

என் மகள் இல்லை. பேத்தியை நானே வளர்க்கிறேன். நான் அழுவதா, அவளைத் தேற்றுவதா?

இரண்டும். பெற்ற பிள்ளையை இழந்தவரும் நீங்கள்தான், அந்தப் பிள்ளையின் குழந்தைக்குத் தாயாக நிற்பவரும் நீங்கள்தான். இதைவிடக் கனமான நிலை குடும்ப வாழ்க்கையில் அதிகம் இல்லை. குழந்தை முன்னால் கண்ணீர் வந்தால் மறைக்க வேண்டியதில்லை. “அம்மா ஞாபகம் வந்துடுச்சு” என்று சொன்னால், தானும் நினைக்கலாம், பேசலாம் என்று அவளுக்குப் புரியும். சின்னப் பிள்ளைகளின் துக்கம் அழுகையாகவே வரும் என்றில்லை. படுக்கையை நனைப்பது, ஸ்கூலுக்குப் போக மறுப்பது, காரணமில்லாத வயிற்றுவலி, சண்டை என்றும் வரும். அதைக் குறும்பு என்று நினைத்துத் தண்டித்துவிடக் கூடாது.

மகனோ மகளோ உயிரோடு இருந்தும் இல்லாத வீடுகள் உண்டு. போதை, சிறை, பிரிவு, தொடர்பே இல்லாமல் போனது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆள் இருக்கிறார், ஆனால் இல்லை என்ற இந்த நிலையை பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1970-கள் முதல் தனி வகை இழப்பாகவே ஆராய்ந்துவந்தார். சாவுக்குத் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள், இதற்கு யாரும் வர மாட்டார்கள். பெற்றவர்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும், இருக்கட்டும். அதைப் பிள்ளையின் காதில் போடாதீர்கள். ‘உன் அப்பன் மாதிரியே’ என்ற வார்த்தையைப் பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும். ‘அப்பாவால் இப்போது உன்னைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அதற்கு நீ காரணம் இல்லை. நான் இருக்கிறேன்’ என்பது ஆறு வயதுக்கும் புரியும், அதில் பொய்யும் இல்லை.

ஸ்கூல் சேர்க்கை, மருத்துவச் சம்மதம், பண உதவி எல்லாவற்றுக்கும் சட்டப்படி பாதுகாவலர் யார் என்ற கேள்வி வரும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால் உங்கள் ஊர் வழக்கறிஞரையோ இலவச சட்ட உதவி மையத்தையோ சீக்கிரமே பாருங்கள். அவசரம் வந்த பிறகு ஓடுவது இரட்டை அலைச்சல்.

பேசுவதற்கு ஆளே இல்லை.

பழைய தோழி ஒருத்தியோடு போனில் பேசுங்கள். பேரப்பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்காமல் வேறெதையாவது பேசுங்கள். ஸ்கூல் வாசலில் காத்திருக்கும் மற்றப் பாட்டிகளும் உங்களைப் போலத்தான் யாராவது பேச மாட்டார்களா என்று நிற்கிறார்கள்.

இது வெறும் களைப்பா, மனச்சோர்வு நோயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

களைப்பு என்றால் இரண்டு நாள் ஓய்வில் கொஞ்சமாவது குறையும். மருத்துவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்தான். கடந்த இரண்டு வாரங்களில் வழக்கமாகப் பிடித்த விஷயங்களில் ஆர்வம் போய்விட்டதா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறதா? பாதி நாட்களுக்கு மேல் ‘ஆமாம்’ என்றால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. வயதானவர்களுக்கு இது சோகமாகத் தெரியாமல் உடம்பு வலி, தூக்கமின்மை, பசியின்மை, மறதி என்று வேறு வேஷத்தில் வரும். ‘வயசானா அப்படித்தான்’ என்று வீட்டார் சொன்னால் நம்ப வேண்டாம். பேச்சு சிகிச்சையாலும் மருந்தாலும் எழுபதிலும் எண்பதிலும் குணம் காண்கிறார்கள்.

செத்துவிடலாம் என்றோ, நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றோ எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? ராத்திரியில் இதுதான் ஓடுகிறது.

பகலில் உட்கார்ந்து எழுதி வையுங்கள். முதல் ஒரு வாரம் யார் பார்த்துக்கொள்வது, அதற்குப் பிறகு யார் என்று இரண்டு பேர்களை எழுதி, அவர்களிடம் வாய்விட்டுக் கேட்டு சம்மதமும் வாங்குங்கள். பிள்ளையின் ஒவ்வாமை, மருந்து, டாக்டர், ஸ்கூல் எண், உங்கள் மாத்திரைகளின் பட்டியல், முக்கியமான காகிதங்கள் எந்த அலமாரியில் என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். ஒரு படி உங்களிடமும் இன்னொன்று அந்த இருவரிடமும். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால், பாட்டி திடீரென்று மயங்கி விழுந்தால் யாருக்குப் போன் செய்வது என்று சொல்லிக்கொடுத்து ஒருமுறை செய்தும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைத் திருத்துங்கள். மாத்திரை மாறியிருக்கும், நம்பர் மாறியிருக்கும், பிள்ளை வேறு வகுப்புக்குப் போயிருக்கும்.